கேட்பாஸ் இல்லாமல் வெளியே வந்த மந்திரி

வல்லம் வடகால்,
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து.

என் மரியாதைக்கும் பயத்துக்கும் சரிபாதி உரிமையுள்ள அத்தான் மாசானம் அவர்களுக்கு, உங்கள் ஒரே மைத்துனன் வனமாமலை இரண்டு கையும் கூப்பி (கூப்பிய கையை எடுத்துவிட்டுத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்) எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் விசிலும் என் யூனிபார்ம் தொப்பியும் பரம சௌக்கியம். அங்கே நீங்களும் கோமதி அக்காவும் நிச்சயப் பெண் முத்துச்செல்வியும் சினை மாடும் அதே அளவு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் ‘அத்தான்’ என்று ஆரம்பித்து மூச்சு இழுப்பதற்குள் ‘சிக்னல் இல்லடே’ என்று வைத்துவிடுகிறீர்கள். களக்காட்டில் செல்போன் டவர் உங்கள் வீட்டுக் கொல்லைக்கு நேர் எதிரே நிற்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. கடிதத்தை அப்படி நடுவில் அறுக்க முடியாது. தவிரவும் நாளை ராத்திரி பஸ்ஸேறி நானே நேரில் வரத்தான் போகிறேன். நான் வருவதற்கு முன்னால் இது வந்துவிட்டால் உங்கள் கோபத்தின் முதல் அடி இதன் மேல் விழுமே என்ற நல்ல எண்ணத்தில்தான், நாங்குநேரி வழியாகப் போகிற ஒரு கண்டக்டர் மூலம் முன்கூட்டி அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வியின் நிச்சயதார்த்தத்துக்கு உங்கள் மகன் மாரிராஜ் வர மாட்டான். எழுந்திருக்காதீர்கள் அத்தான், உட்காருங்கள். அக்காவுக்கு இதை இப்போதே வாசித்துக் காட்டவேண்டாம், அடுப்பில் பால் இல்லாத சமயம் பார்த்துச் சொல்லுங்கள். ‘அண்ணன் வந்து நிக்கலேன்னா நான் தட்டு மாத்த வந்து உக்கார மாட்டேன்’ என்று முத்துச்செல்வி சபதம் போட்டிருப்பதும், ‘பிள்ளையக் கூட்டிட்டு வர வேண்டியது ஒன் பொறுப்பு’ என்று நீங்கள் என் தலையில் கட்டியிருப்பதும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் நடந்ததைக் கேட்டால் மகன் வரவில்லையே என்ற துக்கத்தைவிட இப்படி ஒரு மைத்துனன் வாய்த்தானே என்ற பெருமைதான் உங்களுக்கு ஓங்கி நிற்கும். தவிர, தாய்மாமன் நான் வருகிறேன். பட்டு வேட்டி இஸ்திரி போட்டு மடித்தாயிற்று. மருமகள் கழுத்தில் நான் போடப்போகிற மாலைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பூக்கடைக்காரனிடம் சொல்லி, அவன் ‘இவ்வளவு பெரிய மாலை தேருக்குத்தான் கட்டுவோம்’ என்று கையெடுத்துக் கும்பிட்டு, பிறகு ஒத்துக்கொண்டிருக்கிறான்.

என் அந்தஸ்து பற்றி உங்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். ஊரில் ‘வாட்ச்மேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். அத்தான், ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் மாட்டுகிற அந்தக் கம்பெனியில் எம்.டி. கூட தினம் காலையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறார். போன மாதம் வந்த கொரியாக்காரர் ஒருவர் என் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். ஷூ லேஸ் கட்டினார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். எட்டாம் வகுப்பை முழுதாகவும் ஒன்பதாம் வகுப்பை அரைப்பரீட்சை வரைக்கும் படித்த ஒருத்தன் இந்த உயரத்துக்கு வந்தது எப்படி? உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன, எந்த வழியாக வந்தது என்ற மூன்று கேள்விதான். அந்த மூன்று கேள்வியை வைத்துக்கொண்டு நான் இன்று காலையில் சதுரங்க உலகத்தையே ஒரு உலுக்கு உலுக்கியிருக்கிறேன்.

மாரிராஜ் தங்கியிருக்கிற ஹாஸ்டலுக்கும் நான்தான் பொறுப்பு. கட்டடம் செல்வநாதன் என்கிறவருடையது. நெல் போட்ட நிலத்தில் மூன்று மாடி எழுப்பி, மாடிக்கு மாடி இரும்புக் கட்டிலாக அடுக்கியிருக்கிறார். கீழே அவர் சம்சாரம் கிரேசி மெஸ் நடத்துகிறது. இங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் வாடகை. பயப்படாதீர்கள், ஒரே நேரத்தில் இல்லை. ஒருத்தன் ஷிப்டுக்குப் போனால் மற்றவன் வந்து படுப்பான். மாரிராஜும் நாகர்கோவில் பக்கத்துப் பையன் ஜெனிஸும் அப்படி ஒரே கட்டில், ஒரே தலையணை. கம்பெனியிலும் இருவருக்கும் லைனில் ஒரே இடம்தான். கதவு வரும், அதில் ரப்பரை வைத்து கிளிப்பை அழுத்தவேண்டும், கதவு போகும். நான் கேட்டில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் மணிகண்டபிரபுவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ‘சார், இந்த வேலையை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வேன்’ என்று. அவன் சிரிப்பான். ஒருத்தன் லீவு போட்டால் மற்றவன் அவன் ஷிப்டையும் சேர்த்து OT நிற்கவேண்டும். ஆகவே இரண்டு பேரும் ஒரே நாளில் போக முடியாது.

இப்போது பாருங்கள் விதியை. முத்துச்செல்வி நிச்சயம் இந்த ஞாயிறு. ஜெனிஸுக்குப் பிறந்திருக்கிற பெண் குழந்தைக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானமும் இதே ஞாயிறு. பிள்ளையை அவன் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான். தொட்டதில்லை. மணிகண்டபிரபு இரண்டு பேரையும் பார்த்து, “எவனாவது ஒருத்தன் போங்கடா, எவன்னு நீங்களே பேசி முடிச்சிக்கினு சொல்லுங்க, என் தலைய உருட்டாதீங்க” என்று சொல்லிவிட்டான். பேசி முடிக்க இருவரும் சந்தித்தால்தானே? ஒருத்தன் வரும்போது மற்றவன் போகிறான். கடைசியில் சதுரங்கம் ஆடி, ஜெயிக்கிறவன் ஊருக்குப் போவது என்று வைத்துக்கொண்டார்கள். ஷிப்டு முடிந்து வருகிறவன் கட்டிலில் உட்கார்ந்து ஒரே ஒரு காய் நகர்த்துவான், படுத்துவிடுவான். அடுத்தவன் வந்து அவன் ஒன்று நகர்த்துவான். மாரிராஜ் வெள்ளை, ஜெனிஸ் கறுப்பு. காய்ச்சல் வந்த மாதிரி ஹாஸ்டலே அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பலகை என்றால் கடைப் பலகை இல்லை. கம்பெனி அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டுக் கறுப்பு அடித்தது. எழுத்து, எண் ஒன்றும் கிடையாது. காணாமல்போன ஒரு கறுப்பு யானைக்குப் பதிலாக ஒரு ரப்பர் புஷ், குழல் மாதிரி ஒரு கம்பெனித் துண்டு, நிற்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பலகை. ஆட்டம் ஆரம்பித்த அன்றைக்கே நான் ஹாஸ்டலைக் கூட்டி, “இந்தப் பலகைமேல எவனாவது கை வச்சா அவனுக்கு இனிமே மெஸ்ஸில முட்டை கிடையாது” என்று உத்தரவு போட்டுவிட்டேன். ஈ உட்கார்ந்தால்கூட ஊதித்தான் விரட்டினார்களே தவிர கையை ஓங்கவில்லை.

ஆட்டம் முடியவில்லை. இன்று வெள்ளிக்கிழமையாகிவிட்டது. காலையில் மணிகண்டபிரபு போன். “இன்னா வாத்யாரே, பேர் இன்னும் வரல? மத்தியானத்துக்குள்ள எவன் போறான் எவன் நிக்கிறான்னு சொல்லிடு. லைன் நின்னுச்சுன்னா என் வேலை பூடும்.” மாரிராஜ் ஷிப்டில் உள்ளே இருக்கிறான், அவன் போனை கேட்டில் வாங்கி வைப்பதே எங்கள் ஆட்கள்தான். ஜெனிஸ் நைட் ஷிப்டு முடித்துவிட்டுக் கட்டிலில் கிடக்கிறான். நைட் ஷிப்டுக்காரனை எழுப்பக்கூடாது என்பது இந்தக் கட்டடத்தில் வேதவாக்கு. தீப்பிடித்தால்கூட முதலில் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் அணைப்போம். ஆகவே தீர்ப்பு என் கைக்கு வந்தது. நானாகப் போய் வாங்கவில்லை.

போய்ப் பலகையைப் பார்த்தேன். ஜெனிஸின் கறுப்பில் யானை (அந்த புஷ்), குதிரை, நாலைந்து சிப்பாய், ராஜா என்று ஒரு படையே நிற்கிறது. நம் பிள்ளையின் வெள்ளையில் ராஜா, ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய், அவ்வளவுதான். அந்தச் சிப்பாய் இரண்டும் இத்தனை நாள் ஆட்டத்தில் ஒரு அடி எடுத்து வைக்காமல், ஆரம்பத்தில் வைத்த வரிசையிலேயே, கட்டில் ஓரத்தில், சும்மா நிற்கின்றன. ஜெனிஸின் ராஜா என்னடா என்றால் கட்டில் பக்கமே வந்து குடியேறியிருக்கிறான், நம் பிள்ளையின் ராஜா சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கிறான். எதிரியின் வீட்டு வாசலுக்கே ராஜாவை ஓட்டிக்கொண்டு வருகிற துணிச்சல் ஜெனிஸுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் மலைத்துப்போனேன். நேர்வழியில் தீர்ப்புச் சொன்னால் நம் பிள்ளை தோற்றான். முத்துச்செல்வி தட்டு மாற்ற உட்கார மாட்டாள். நீங்கள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். சட்டத்தில் ஓட்டை தேடவேண்டிய கட்டாயம்.

அப்போதுதான் ஆண்டவன் வடை மடித்த காகிதம் வடிவத்தில் வந்தான். போன வாரம் டீக்கடையில் வாங்கிய வடையின் காகிதத்தில் சதுரங்கம் பற்றி ஒரு கட்டுரை படித்தது ஞாபகம் வந்தது. அடுத்து என்ன காய் நகர்த்துவது என்று எல்லாரும் கேட்பார்களாம். கட்டுரையில் வருகிற வித்தைக்காரர்கள் அப்படிக் கேட்பதில்லை. பின்னால் திரும்பி, இந்தப் பலகை இந்த நிலைமைக்கு முறையான ஆட்டத்தில் வந்திருக்கவே முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது என்று நிரூபித்துவிட்டால் அந்த நிலைமையே செல்லாது. கொலை நடந்த வீட்டில் போலீஸ் தரையைப் பார்க்கிற மாதிரி, நிற்கிற காயைப் பார்த்தே நடந்த கதையைச் சொல்லிவிடுகிறார்கள். படிக்கப் படிக்க, அடே, இது நம்ம கேட் டூட்டி அல்லவா என்று தோன்றியது. கட்டுரையின் கடைசிப் பத்தி மட்டும் எண்ணெயில் ஊறி எழுத்தே தெரியவில்லை. அதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாபகத்தோடு பலகையை மறுபடி பார்த்தேன். பொறி தட்டியது. கையைத் தட்டினேன், சத்தமில்லாமல், ஜெனிஸ் தூங்குகிறானே. கிரேசி கரண்டியோடு மேலே வந்தது, பக்கத்துக் கட்டில் ஏசுவடியான் போர்வையோடு வந்தான், மாடி முழுக்கக் கூடிவிட்டது. கிசுகிசுத்த குரலில் ஒரு பிரசங்கம் செய்தேன் பாருங்கள்.

“கேளுங்கப்பா. மந்திரி கோணலாத்தான் போவான். குதிரை மாதிரி யாரையும் தாண்ட மாட்டான். முதல் வரிசையில இருக்கு அவன் வீடு. அந்த வீட்டுக்கு இரண்டே வாசல், இடது பக்கம் கோணல்ல ஒண்ணு, வலது பக்கம் கோணல்ல ஒண்ணு. இரண்டு வாசல்லயும் ஒவ்வொரு சிப்பாய் நிக்கான். சிப்பாய்க்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, முன்னால போனவன் திரும்பி வர மாட்டான். அப்படின்னா இவங்க இரண்டு பேரும் பொறந்ததுல இருந்து இடத்தை விட்டு அசையல. கேட் இரண்டும் திறக்கவே இல்ல. ஆனா மந்திரி எங்க நிக்கான்? நடு ரோட்டுல நிக்கான்! எப்படி வந்தான்? எந்த வழியா வந்தான்? கேட்பாஸ் எங்க?”

எல்லாரும் பலகைமேல் குனிந்தார்கள். பிறகு ஏசுவடியான் ஆரம்பித்தான். “இது அந்த வீட்டு மந்திரிதானா அண்ணாச்சி? இன்னொருத்தன் இருப்பாம்லா.”

“மந்திரி இரண்டு பேர்ல ஒருத்தன் கறுப்புக் கட்டத்துக்காரன், ஒருத்தன் வெள்ளைக் கட்டத்துக்காரன். சாகுற வரைக்கும் கட்டம் மாற மாட்டான். இவன் நிக்கது கறுப்புக் கட்டம். அந்த வீடும் கறுப்புக் கட்டம். இவனேதான்.”

“அப்போ சிப்பாய் எவனாவது அந்தக் கரை வரைக்கும் நடந்து போயி, மந்திரியா மாறித் திரும்பி வந்திருக்கலாம்லா?”

“அந்தக் கரைக்குப் போன சிப்பாய் ராணியாவே ஆவலாம்ல. மேனேஜர் போஸ்ட்டு குடுத்தா, வேண்டாம், ஹெல்ப்பரே போதும்னு எவனாவது எழுதிக் குடுப்பானாலே?”

ஏசுவடியான் போர்வைக்குள் போய்விட்டான். நான் தொப்பியை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டு தீர்ப்பைப் படித்தேன். “ஆகவே இந்தப் பலகை முறையான ஆட்டத்தில் உண்டானதல்ல. இது செல்லாது. ஆட்டம் ரத்து. ஆட்டம் ரத்தானால் யார் ஊருக்குப் போவதுங்கிற முடிவு, இந்தக் கட்டடத்தின் பொறுப்பாளர் என்ற முறையில்—”

“இருங்கண்ணே,” என்றது கிரேசி. கரண்டியால் பலகையைக் காட்டியது. “அந்த மந்திரி யாரோடது?”

அத்தான், இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். நானும் குடித்தேன்.

மந்திரி வெள்ளை. வெள்ளை மாரிராஜ்.

“பை யாருதோ அவுங்களத்தானே கேட்ல புடிப்பீங்க?” என்றது கிரேசி. “போன மாசம் அந்த ஒரிசாப் பையன் பையில ஸ்பானர் கீதுன்னு அவனத்தானே புடிச்சீங்க? ஸ்பானரையா புடிச்சீங்க?”

இன்னொருத்தனாக இருந்தால் அந்த இடத்தில் பம்மியிருப்பான். கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிச் சொல்லியிருப்பான். இருமல் வந்த மாதிரி நடித்துக் கீழே இறங்கிப் போயிருப்பான். நான் அசையவில்லை. (இருமினேன். அது வேறு, கிரேசியின் கரண்டியில் மிளகாய் நெடி.) எனக்கு ஒரு கண்ணில் அக்கா, ஒரு கண்ணில் நீதி. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சொன்னேன், “மந்திரியை முறையில்லாமல் வெளியே எடுத்து வைத்த பக்கம் தோற்ற பக்கம். ஜெனிஸுக்கு லீவு.” ரத்தம் என்று பார்க்காமல் சொந்த அக்கா மகன் தலையில் தீர்ப்பை இறக்கினேன் அத்தான்! மாடியே கை தட்டியது, ஜெனிஸ் தூங்குகிறான் என்பதால் தொடையில் தட்டினார்கள். உங்கள் மகன் திருட்டாட்டம் ஆடினான் என்று நான் சொல்லவில்லை. பலகை சொல்கிறது. அசதியில் கை தவறி வைத்திருப்பான். நீங்களும் அவனைக் கோபிக்கவேண்டாம். நிச்சயத்துக்கு வந்தவர்கள் கேட்டால், ‘கம்பெனியில் அவன் இல்லாமல் லைனே ஓடவில்லை’ என்று சொல்லுங்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

உடனே மணிகண்டபிரபுவுக்குப் போன் போட்டு ஜெனிஸ் பெயரைக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு ஜெனிஸ் தானாகவே கண் விழித்தான். சொன்னேன். அந்தப் பையனின் பணிவை என்னவென்று சொல்ல! கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அண்ணே, வெளையாடாதீங்கண்ணே. நான் தோத்தாச்சே” என்கிறான்.

“தோத்தது போல உனக்குத் தோணும். சட்டம் வேற.”

“இல்லண்ணே, மாரிராஜுக்க சிப்பாயி ரெண்டும் எனக்க வீட்டு—”

“சிப்பாய் பேச்சை எடுக்காத. அவங்க வாக்குமூலம் வாங்கியாச்சு. பிள்ளை முகத்தைப் பாக்கணுமா வேண்டாமா?”

“பாக்கணும்ண்ணே. அதுக்காச்சுட்டு பொய்யா—”

“பையை எடு!” என்று ஒரு விசில் ஊதினேன். பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டான். அவன் சட்டையை நானே மாட்டி, கிரேசி கொடுத்த எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கையில் திணித்து, சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கதவில்லாத ஆட்டோவுக்குக் கதவு மாதிரி நானே கையை வைத்து மறித்து, டிரைவரை ‘போ’ என்றேன். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் வெளியே தலையை நீட்டி என்னமோ கத்திக்கொண்டே போனான். நன்றிதான் சொல்லியிருப்பான்.

ஆகவே அத்தான், நடந்தது இதுதான். மகன் வரவில்லை என்று மனம் ஒடியவேண்டாம். தாய்மாமன் ஒருத்தன் பத்து அண்ணனுக்குச் சமம், அதிலும் நான். நாளைக்கு மறுநாள் காலையில் பட்டு வேட்டியோடும் தேர்மாலையோடும் உங்கள் வாசலில் இறங்குவேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘செக்யூரிட்டி ஆபீசர்’ என்று சொன்னால் போதும், ‘சீஃப்’ என்பதை நானே சேர்த்துக்கொள்வேன். சதுரங்க நிரூபணத்தை மாப்பிள்ளைக்கு நான் நேரில் விளக்குகிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். முத்துச்செல்வி தீர்க்காயுசாக, சிரித்த முகமாக, தட்டு மாற்ற உட்காருகிற மனசோடு இருக்க என் ஆசீர்வாதம். சினை மாடு சுகமாகக் கன்று போடட்டும். உங்கள் கோபம் தணியட்டும். உங்கள் டவருக்கு சிக்னல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நீதிக்கும் உறவுக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும்,
வனமாமலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாரிராஜ் ஷிப்டு முடிந்து வந்தான். அதனால் ஒரு சின்னத் திருத்தம்.

வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னதை நின்றபடி கேட்டான். பிறகு ஸ்டூல் பக்கம் குனிந்தான். “மாமா, வெள்ளைக்கு வீடு எந்தப் பக்கம்னு வச்சுப் பாத்திய?”

“கட்டில் பக்கம்தான். நீ கட்டில்லதானலே உக்காந்து ஆடுவ? செவுத்துக்குள்ளயா உக்காருவ?”

“ஜெனிஸும் அதே கட்டில்லதான உக்காருவான்?”

இதை நான் யோசிக்காமல் இல்லை. யோசிக்க அவகாசம் இல்லை. முதல் நாள் காயை அடுக்கினவன் ஜெனிஸாம். தன் கறுப்பைத் தன் பக்கம், கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டானாம். மாரிராஜின் வெள்ளைக்கு வீடு சுவர் பக்கமாம். இவன் இத்தனை நாளும் கையை எட்டி நீட்டித் தலைகீழாகத்தான் ஆடியிருக்கிறான். அதாவது அத்தான், இடத்தை விட்டு அசையாத சிப்பாய் என்று நான் சொன்னேனே, அந்த இரண்டு பேரும் சுவரோரம் இருந்து பலகை முழுவதையும் நடந்தே கடந்து, ஜெனிஸ் வீட்டுக்குள் போய், அக்கரைக்கு ஒரே ஒரு அடி பாக்கியில் நிற்கிறார்கள். கேட் இரண்டும் எப்போதோ திறந்து, மந்திரி ராஜபாட்டையில் வந்திருக்கிறான். ஜெனிஸின் ராஜா துணிச்சலாக வந்தவன் இல்லை, அவன் வீட்டில் அவன் இருக்கிறான். மாரிராஜ் ஒரு சிப்பாயை விரலால் ஒரு கட்டம் நகர்த்தி, “ராணி” என்றான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. அந்த எண்ணெய் ஊறிய பத்தியில், எது எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள் என்றுதான் எழுதியிருந்ததோ என்னவோ. என் நிரூபணத்தில் குற்றம் கிடையாது. அதைத் திருப்பிப் பிடித்தால் போதும்.

நம் பிள்ளை என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிச் சமாளித்திருப்பேன். அவன் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஜெனிஸ் மடிக்காமல் போன போர்வையை மடித்து வைத்துவிட்டு, “முத்துக்குட்டிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிடுதேன் மாமா” என்றான். எனக்கு மறுபடி அந்த மிளகாய் நெடி.

ஜெனிஸுக்குப் போன் போட்டேன். பஸ் திண்டிவனம் தாண்டிவிட்டது. “அதைத்தான்ண்ணே நான் ஆட்டோவுல இருந்தே விளிச்சுச் சொன்னேன்” என்கிறான். “நான் இறங்கித் திரும்பி வரட்டாண்ணே? மாரிராஜு போட்டும்.” பின்னால் எங்கேயோ பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதது, அவன் பிள்ளையாக இருக்க முடியாது, ஆனாலும். “இறங்கினே, உன் கட்டிலை வேற ஆளுக்கு விட்டுருவேன். போய்ப் பிள்ளையத் தூக்கு” என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நேரே கம்பெனிக்குப் போய் மணிகண்டபிரபு முன்னால் நின்றேன். மாரிராஜையும் விடவேண்டும் என்றேன். “அவன் ரெண்டு ஷிப்டு நிக்கணும்பா. அவன வுட்டா அந்த எடத்துல நிக்கறதுக்கு ஆள் எங்க கீது?” என்றான். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவனே என்னை மேலும் கீழும் பார்த்தான். “கண்ணக் கட்டிக்கினு செய்வேன்னு டெய்லி சவுண்டு வுடுவியே வாத்யாரே. உன்னையும் அவனையும் இங்க அனுப்புறது ஒரே காண்ட்ராக்டர்தானே? வா, கண்ணத் தொறந்துகினே செய், அது போதும்.”

சோதனைக்கு ஒரு கதவு கொடுத்தான். ரப்பரை மாட்டினேன். “திருப்பு” என்றான். திருப்பி மாட்டினேன். இரண்டாவது கதவிலிருந்து லைனே என் வேகத்துக்குத் திணறுகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே அத்தான், இந்தக் கடிதத்தைக் கண்டக்டர் கொண்டுவரவில்லை. கொண்டுவந்து உங்கள் முன்னால் நிற்கிறானே, அவன்தான் மாரிராஜ். அவன் வர மாட்டான் என்று மேலே எழுதியிருப்பதைப் படிக்கவேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். வரமுடியாதவன் நான். லீவை ஒப்படைத்துவிட்டேன். மாலை அவன் கையில் இருக்கிறது, பாதி சீட்டுக்கு அதுவே உட்கார்ந்து வந்திருக்கும். தாய்மாமன் போடவேண்டிய மாலையை அண்ணன் போடட்டும். பட்டு வேட்டியையும் அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன், இஸ்திரி கலைவதற்குள் கட்டச் சொல்லுங்கள். இங்கே எனக்கு ஏப்ரன் கொடுத்திருக்கிறார்கள்.

போட்டோ எடுக்கும்போது மட்டும் முத்துச்செல்விக்குப் பக்கத்தில் என் அகலத்துக்கு ஒரு இடம் விட்டு நில்லுங்கள். செல்வநாதன் மகள் ஷாலின் போனிலேயே ஆளைச் சேர்த்து ஒட்டிவிடுமாம். நான் இங்கேயே தொப்பியோடு சிரித்தபடி ஒரு படம் எடுத்து வைத்துவிட்டேன். எந்தப் பக்கம் இடம் விடுகிறீர்கள், முத்துச்செல்விக்கு வலமா இடமா, அதை மட்டும் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் அத்தான். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்து அல்ல, என் பக்கத்திலிருந்து பார்த்து.